பத்து விரல் பிரயாணம்

குற்றங்களையும் காவல் முறைகளையும் நேரில் ஆராய்வதற்காக லண்டனுக்குப் புறப்படுவதென்று நாம் தீர்மானித்தபோது, இல்லத்தரசி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "போன தீபாவளியன்று வாசலில் தொலைந்த செருப்பையே உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஸ்காட்லாந்து யார்டில் போய் எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் சர்வதேச ஆராய்ச்சி என்று வந்த பிறகு செருப்பைப் பற்றிக் கவலைப்படலாமோ?

ஆராய்ச்சி சென்னையிலேயே ஆரம்பமாகிவிட்டது. விசா வேண்டுமானால் பத்து விரல்களின் ரேகைகளையும் பதிக்க வேண்டும் என்றார்கள். கண்ணாடியின்மேல் பவ்யமாகக் கையை வைத்தோம். திருடர்களைப் பற்றி விசாரிக்கப் போகிற நாம், முதலில் திருடர்களைப் போலவே கையை நீட்ட நேர்ந்தது!

லண்டன் போலீசாரிடம் புகழ்பெற்ற குற்றப் பொருட்காட்சி ஒன்று உண்டு. அதற்குள் பொதுஜனங்கள் நுழைய முடியாது. ஆகவே தேம்ஸ் நதிக்கரையில், தலைமை நிலையத்தின் வாசலில் சுழலும் பெயர்ப் பலகையை வெகுநேரம் கூர்ந்து கவனித்தோம். மூன்று பக்கங்களிலும் ஒரே பெயர்தான் எழுதியிருக்கிறது. துப்பறியும் துறையில் இதுவே நமது முதல் வெற்றி.

அடுத்தபடியாகத் தெற்கு லண்டனில் உள்ள டென்மார்க் ஹில் பகுதிக்குச் சென்றோம். 1902-ஆம் ஆண்டில் அங்கே ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. களவு போனவை பில்லியர்ட்ஸ் பந்துகள். ஜன்னல் விளிம்பில் புதிதாகப் பூசியிருந்த வர்ணத்தில் ஹாரி ஜாக்ஸன் என்பவனின் இடது கட்டைவிரல் பதிந்துவிட்டது. பந்துகளுக்காக ஏழு வருஷச் சிறைவாசம்! இங்கிலாந்தில் விரல் ரேகையைச் சாட்சியாகக் கொண்டு அளிக்கப்பட்ட முதல் தண்டனை இதுவே.

"ஆகா, மேனாட்டாரின் மூளையே மூளை!" என்று வியக்கப் போனோம். நல்லவேளையாக, அதற்குள் மேலும் கொஞ்சம் விசாரித்தோம். ஸ்காட்லாந்து யார்டில் ரேகைப் பிரிவை 1901-ல் ஏற்படுத்தியவர் எட்வர்டு ஹென்ரி. அதற்கு முன் அவர் வங்காளத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரல். ரேகைகளை 1024 வகைகளாகப் பிரித்துத் தேடி எடுக்கும் முறை உருவானது கல்கத்தாவில். அதற்காகக் கணக்குப் போட்டு உழைத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்திய சப்-இன்ஸ்பெக்டர்கள். பிற்காலத்தில் அவர்களுக்குக் கான் பகதூர், ராய் பகதூர் பட்டங்கள் கிடைத்தன. முறைக்கு மட்டும் ஹென்ரியின் பெயரே நிலைத்தது. பில்லியர்ட்ஸ் பந்துக்கு நாலு வருஷம் முன்பே, 1898-ல், வங்காளத்து ஜல்பைகுரியில் ஒரு பஞ்சாங்கத்தின்மேல் பதிந்த விரல் அடையாளம் ஒருவனைத் திருட்டுக் குற்றத்தில் சிக்க வைத்திருந்தது. ஆக, நாம் விமானம் ஏறிப் போய்ப் படித்துவந்தது வங்காளத்துப் பாடம்!

பெருமைப்பட்டுக்கொண்டே இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ரேகைக்கு நம் ஊரில் இன்னொரு சரித்திரமும் உண்டு. டென்மார்க் ஹில்லில் குற்றம் நடந்த பிறகு, குற்றம் செய்த ஒருவனின் விரலைத் தேடினார்கள். இங்கேயோ குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், பிறந்த குலமே குற்றம் என்று வைத்து, முன்கூட்டியே ரேகையைக் கேட்டார்கள். மதுரை ஜில்லாவில் பெருங்காமநல்லூரைச் சேர்ந்த பிரமலைக் கள்ளர்கள் அதற்கு இணங்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் ஒரு பெண் உள்பட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல்தான்.

ரேகை ஒன்றேதான்; மையும் ஒன்றேதான். ஓரிடத்தில் அது நிரபராதியைக் காப்பாற்றும். மற்றோரிடத்தில் நிரபராதியையே திருடனாக்கும். வித்தியாசம் விரலில் இல்லை, அதைப் பிடித்து அழுத்துகிற கையில் இருக்கிறது.

வீடு திரும்பியதும் இந்த முடிவை மிக்க கம்பீரத்துடன் எடுத்துரைத்தோம். இல்லத்தரசி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இதைத் தெரிந்துகொள்ள லண்டன் எதற்கு? மதுரையிலிருந்து பஸ்ஸிலேயே போய் வந்திருக்கலாமே!"

செருப்பு இன்னும் அகப்படவில்லை.