கத்தி படாமல் கட்டியைச் சோதிக்க முடியுமா?

மூளையில் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்துவிட்டது. அது எந்த ரகம்? மண்டை ஓட்டில் துளையிட்டு, ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். வீட்டாருக்கு நெஞ்சு படபடக்கிறது. வேறு வழியே கிடையாதா?

ஒரு வழி உருவாகி வருகிறது. காந்த ஸ்கேன் இயந்திரமே அந்த வேலையைச் செய்யும்!

அணுவின் சுருதி

காந்தத்தின் நடுவே உள்ள அணுக்களை ரேடியோ அலையால் தட்டினால், அவை பதில் அலை எழுப்பும். 1946-ல் அமெரிக்காவில் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள்; 1952-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அணு எந்த ரசாயனத்தில் இருக்கிறதோ, அதற்கேற்பச் சுருதி சற்றே மாறும். சாதாரண ஸ்கேன் உடலின் படத்தைத் தருகிறது. இந்தச் சோதனையோ சுருதிகளைப் பிரித்து, எந்த ரசாயனம் எவ்வளவு என்று கணக்கிடுகிறது.

1981-ல் ஆக்ஸ்போர்டில் தசை நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவரை இவ்விதம் சோதித்தார்கள். கடுமையாக வேலை செய்யும் தசையில் அமிலம் கூடுவது இயல்பு. இவர் கையில் கூடவில்லை. தசையில் சேமித்த சர்க்கரையை உடைக்க முடியாத நோய் அது என்று வெளியிலிருந்தே தெரிந்தது.

உயிர்ப் பிரச்னை

மூளைக் கட்டிகள் சிலவற்றில் ஐ.டி.எச். என்ற ஜீன் கெட்டிருக்கும். அப்படிப்பட்ட கட்டி பெரும்பாலும் மெதுவாக வளரும். அது 2-ஹைட்ராக்ஸி குளூட்டரேட் என்ற பொருளைக் குவிக்கும். 2012-ல் டல்லாஸ் ஆராய்ச்சியாளர்கள் அதை நோயாளிகளின் மூளையிலேயே அளந்து காட்டினார்கள்.

2024 ஆகஸ்டில், ஆபரேஷனுக்குப் பின் இவ்வகைக் கட்டிகள் சிலவற்றுக்குக் கொடுக்க, வோராசிடெனிப் மாத்திரையை அமெரிக்கா அனுமதித்தது. ஆகவே, கட்டியின் ரகத்தை அறிவது இன்று இன்னும் முக்கியமாகிவிட்டது.

தடை என்ன?

மூளையிலுள்ள தண்ணீரோடு ஒப்பிட்டால், இந்த ரசாயனங்கள் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஈனஸ்வரத்தைக் கேட்க நோயாளி பல நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். குளூட்டமேட் போன்ற பொருள்களின் சுருதியும் இதோடு கலந்துவிடும். கட்டி சிறிதானாலும், எலும்பை ஒட்டியிருந்தாலும் கணக்குப் பிசகும்.

எனவே, பொருள் தெளிவாகத் தென்பட்டால் அது பலமான சாட்சி. தென்படாவிட்டால் ‘இல்லை’ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கத்திக்கு இன்னும் ஓய்வு கொடுக்க இயலாது.

ஆனால், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மண்டையை மாதாமாதம் துளைக்க முடியுமா? காந்தச் சோதனையை எத்தனை முறையும் செய்யலாம். இதன் பெரிய பயன் அங்கேதான் இருக்கிறது.