சாவிக்கு முன்னால் கையெழுத்து!

‘அட்வான்ஸ் வாங்கியாச்சு, பால் காய்ச்சியாச்சு, அக்ரிமென்ட்டை அடுத்த வாரம் போட்டுக்கலாம்’ - வீட்டை வாடகைக்கு விடும் பலர் சொல்வது இது. அந்த அடுத்த வாரம் பல வீடுகளில் வருவதே இல்லை. பின்னால் தகராறு என்று வந்தால், பேசிய வாடகை எவ்வளவு, வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு என்று காட்ட ஒரு தாளும் இருக்காது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இதே விதிதான்.

கையெழுத்து தள்ளிப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

* டோக்கன் அட்வான்ஸ் வாங்கும் அன்றே, ஒப்பந்த வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

* வாடகை, அட்வான்ஸ், கரன்ட் பில், பராமரிப்புச் செலவு, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என எல்லாம் அதில் இருக்கட்டும். குடிவருபவர் படித்துத் திருத்தம் சொல்ல இரண்டு நாள் கொடுங்கள்.

* கையெழுத்தாகி, ஆளுக்கொரு பிரதி கைக்கு வந்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

* ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே செல்போனில் நினைவூட்டல் வையுங்கள். புதுப்பிக்காமல் விட்டால், பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம், அதிகபட்சம் 6 மாதம் வரை நீடிப்பதாகவே சட்டம் கருதும். அதுவரை பழைய வாடகைதான்!