குகையும் ஓர் அமானிதமே

குகை என்னும் சொல் நம் செவியில் வெறும் கற்பொந்தாக ஒலிப்பதில்லை. ஹிரா குகையின் தனிமையில்தான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதல் இறைச்செய்தி அருளப்பெற்றது. மக்காவை விட்டு மதீனாவுக்கு ஏகியபோது, அண்ணலாருக்கும் தோழர் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கும் அடைக்கலம் தந்தது தவ்ர் குகையே. இவ்வாறு குகையை அடைக்கலமாக அறிந்த சமுதாயம், அக்குகைகளையே வீடாகக் கொண்ட ஓர் எளிய உயிரை எண்ணிப் பார்த்ததுண்டா? சங்கப் புலவர் வாவல் என வழங்கிய வௌவாலையே ஈண்டுக் குறிப்பிடுகிறேன்.

பறவையியல் அறிஞர் சலீம் அலியை அறியாதார் இலர். அவர் பெயரைத் தாங்கிய வௌவால் தமிழகத்தில் வாழ்வதை அறிந்தோர் சிலரே. 1948-ஆம் ஆண்டு தேனிப் பகுதியின் மேகமலையில் ஆங்கசு அட்டன் என்பார் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது வேறோர் இனமாகவே கருதப்பட்டது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்கியா அதனைப் புதிய பேரினமெனக் கண்டு, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் குகைகளில் ஒடுங்கி வாழும் இவ்வினம் இன்று அழிவின் விளிம்பில் உள்ளது.

அதே 1972-இல் இயற்றப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. சலீம் அலி வௌவால் பின்னர் முதல் அட்டவணையில் இடம்பெற்று உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றது. ஏனையவை 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கும்வரை பழி சுமந்தன. சட்டம் திருந்திவிட்டது, நம் மனம் திருந்தியதா?

வௌவால் தீய சகுனம் என்பாரும், அதன் இறைச்சி இரைப்புக்கு மருந்து என்பாரும் இன்றும் உளர். இரண்டுமே அறியாமையாகும். நோய் பரவும் என்னும் அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. அதற்கு உரிய வழி, வௌவாலைத் தொடாமலும் உண்ணாமலும் விலகியிருத்தலே. குகையில் புகைமூட்டி அழித்தல் அன்று. இலுப்பையும் இலவமும் காய்ப்பதற்கு மகரந்தம் சுமப்பது வௌவால். ஆல், அத்தி விதைகளைக் காடெங்கும் தூவுவதும் அதுவே. பூச்சியுண்ணும் இனங்களோ கூலியின்றி உழவனின் வயலைக் காக்கின்றன. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும் இவ்வுயிர், ஒருமுறை குலைந்தால் மீள்வது அரிது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. நமக்கு மேற்கே, கருநாடகத்தின் கோலார் மாவட்டத்து அனுமனஅள்ளியில் வாழும் இலைமூக்கு வௌவால்கள் 200-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என மதிப்பிடப்பட்டது. அவற்றின் குகைக்கு நேர்ந்த பேரிடர் கருங்கல் வெட்டுதலே. கல்லைப் பெயர்த்தவர்கள் வௌவாலைக் கொல்ல எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் வீடு போயிற்று, குலமும் குன்றிற்று.

தெரியாமல் செய்த தீங்கின் விலையை நம்மினும் நன்கறிந்தவர் யார்? தோல் பதனிடும் தொழிலால் வாழ்வு பெற்ற நாம், அதன் கழிவால் பாலாறு கெட்டதையும் கண்டோம். 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. முழுமையான அறிவியல் சான்று கிடைக்கவில்லை என்பதைக் காட்டி, பெருந்தீங்கைத் தடுக்காதிருத்தல் ஆகாது என்பதே அதன் சாரம். நம் ஊர் ஆற்றுக்காகப் பிறந்த அந்நெறி நம் மலைக்கும் பொருந்தும்.

அணைக்கட்டு வட்டத்தில் சவ்வாது மலை நிமிர்ந்து நிற்கிறது. அங்குள்ள குகைகளில் எவ்வெவ்வினங்கள் தங்குகின்றன என்பதை விலங்கியல் மாணவர் கணக்கெடுக்கலாம். மலைவாழ் மக்களிடம் வழங்கும் பெயர்களையும் கதைகளையும் தமிழ் மாணவர் தொகுக்கலாம். கல் வெட்ட உரிமம் வழங்குமுன் குகைகளை ஆய்ந்திட வேண்டுமென நம் பெரியோர் ஆட்சியரிடம் வலியுறுத்தலாம். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே துறந்தவர்கள். அவர்களுக்கு இயன்றது நமக்கு இயலாதா?

படைப்பனைத்தும் இறைவனுடையவை, நம்மிடம் உள்ளது அமானிதம் மட்டுமே. அமானிதத்தைப் பேணாதவர் அதற்குக் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும். சலீம் அலியின் பெயரைப் பெருமையோடு உச்சரிக்கும் நாம், அப்பெயர் தாங்கிய உயிருக்கும் அதன் இனத்தாருக்கும் ஓர் இருண்ட மூலையை விட்டுவைப்போமாக.