சரக்குக்கு முன் சான்று வரட்டும்

வெளிநாட்டுச் சரக்கை நேரடியாக வரவழைக்கும் வணிகர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் சரக்கு துறைமுகத்தில் சிக்கி, கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களும் பெருகி வருகிறார்கள். "வரி கட்டத் தயாராக இருந்தோம், சரக்கை விடவில்லை" என்பதே எல்லோருடைய புலம்பலும்.

வரி வேறு, தரச்சான்று வேறு. இதை நாம் உணராததே தொல்லைக்கு மூலம். சுங்க இலாகா வரி வசூலிப்பதோடு நிற்பதில்லை. பிற சட்டங்கள் தடுக்கும் சரக்கையும் வாசலிலேயே நிறுத்துகிறது.

பொம்மைகளையே எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மைகளை இறக்குமதி செய்ய முடியாது. அதற்கான உரிமத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளிநாட்டிலுள்ள தொழிற்சாலைக்குத்தான் தருகிறது. இறக்குமதி செய்யும் நமக்கோ, இடையில் விற்கும் ஏஜெண்டுக்கோ அல்ல. சாதாரணப் பொம்மைக்கு ஒரு தரம் (ஐ.எஸ். 9873), மின்சாரம் அல்லது பேட்டரியில் ஓடுவதற்கு வேறு தரம் (ஐ.எஸ். 15644). ஒன்றுக்கு வாங்கிய உரிமம் மற்றொன்றுக்குச் செல்லாது. ஐரோப்பாவின் சி.இ. முத்திரையைக் காட்டி வாதாடியும் பயனில்லை.

உணவுப் பொருளிலும் இதே கதைதான். காலாவதிக்கு முன் ஆயுளில் 60 சதவீதம் அல்லது மூன்று மாதம், இரண்டில் எது குறைவோ அது, கிளியரன்ஸ் நேரத்தில் மீதமிருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று தேதி நெருங்கிய சரக்கை வாங்கினால் அது கடைக்கு வந்து சேராது.

நமக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர், "சப்ளையர் பார்த்துக்கொள்வார்" என்று நம்பி ஒரு கன்டெய்னர் வரவழைத்தார். முத்திரை இல்லை. கப்பல் கம்பெனிக்கும் கிடங்குக்கும் நாளொன்றுக்குக் கட்டணம் ஏறியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகி, சரக்கையே கைவிட்டார். முதலும் போயிற்று, வட்டியும் நின்றது.

ஆகவே, அட்வான்ஸ் அனுப்புமுன் மூன்று காரியங்களைச் செய்வோம். எச்.எஸ். எண்ணைக் கிளியரிங் ஏஜெண்டிடம் உறுதி செய்து, அதற்கு எந்தச் சான்று கட்டாயம் என்று எழுத்தில் வாங்குவோம். தொழிற்சாலையின் உரிம எண்ணைக் கேட்டு, பி.ஐ.எஸ். கேர் செயலியில் நாமே சரிபார்ப்போம். லேபிளின் மாதிரியை அச்சுக்குப் போகுமுன் வரவழைத்து, இறக்குமதியாளர் பெயர், முகவரி, அளவு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் உள்ளனவா என்று பார்ப்போம்.

சில்லறைக் கடைக்காரர்களும் ஒதுங்கிவிட முடியாது. முத்திரை கட்டாயமான பொருளை முத்திரையின்றி விற்பதும், விற்பனைக்கு வைப்பதும்கூட 2016-ஆம் ஆண்டு அமைவனச் சட்டப்படி குற்றமே.

அரசுக்கும் கடமை உண்டு. புதிய தர ஆணை வரும்போது ஏற்கெனவே கப்பல் ஏறிவிட்ட சரக்கின் கதி என்ன என்பதை அந்த ஆணையிலேயே தெளிவாக்க வேண்டும். எந்தப் பொருளுக்கு எந்தச் சான்று என்ற பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும். இவற்றை நம் சங்கம் வலியுறுத்த வேண்டும். குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்குத் தரம் கேட்பதை நாம் எதிர்க்கவில்லை. தெரியாமல் நஷ்டப்படும் நிலை வேண்டாம் என்றே கேட்கிறோம்.