சைலன்சருக்கு காசு இருக்கு, டயருக்கு இல்லையா?

ஞாயித்துக்கிழமை விடிகாலைல ராஜீவ் காந்தி சிலை கிட்ட நின்னு பாருங்க. ஈசிஆர்ல சென்னைக்குக் கிளம்புற புல்லட் கோஷ்டி வரும். சைலன்சர், ஃபாக் லைட், சைடு பெட்டி எல்லாம் புதுசு. டயர் மட்டும் மொட்டை. கேட்டா, "இன்னும் ஒரு ட்ரிப் தாங்கும் மச்சி"ம்பாங்க.

காமர்ஸ் படிக்கிறவன் சொல்றேன், சைலன்சர் ஆடம்பரச் செலவு, டயர் அத்தியாவசியச் செலவு. வண்டி ரோட்டைத் தொடுறதே டயருக்கு ஒரு உள்ளங்கை அளவு இடத்துலதான்.

இன்னொரு கூத்து அகல டயர். 2021ல வந்த புது கிளாசிக் 350க்கு பின்னாடி 120/80-18. கம்பெனி சொன்ன அளவு அது. அதே ரிம்முல 140 சொருகினா ஓரம் இறுகி நடுவுல மேடாயிடும். பார்க்க கெத்து, வளைவுல திருப்பினா அடம்.

வாங்கும்போது பேரம் மட்டும் பேசாதீங்க, டயர் பக்கவாட்டுல நாலு இலக்கத்தையும் படிங்க. 2324ன்னா 2024ல 23வது வாரம் செஞ்சது. பழைய சரக்கைத் தலையில கட்டுறாங்களான்னு தெரிஞ்சிடும்.

பிரேக் பேடுலயும் இதே கஞ்சத்தனம். பேடு முழுசா தேய்ஞ்சு இரும்புத் தகடு உரசினா டிஸ்க்கும் காலி, செலவு ரெட்டிப்பு. ஏபிஎஸ் இருக்கேன்னு வராதீங்க. அது சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கும், மொட்டை டயருக்கு பிடிப்பு குடுக்காது.

திட்டணும்னா திட்டுங்க மக்கா. அதுக்கு முன்னாடி கீழ போய் உங்க டயரை ஒரு தடவை பாத்துட்டு வாங்க.