பெயரளவில் ஒரு தேசம்

பனி என்றதும் கள்ளக்குறிச்சிச் சீமைக்காரர்களுக்கு எது நினைவுக்கு வரும்? மார்கழி மாத விடியற்காலையில் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கமெல்லாம் படர்ந்து கிடக்கும் மூடுபனிதான். சூரியன் சற்று மேலே வந்தால் அதுவும் கலைந்துவிடும். உறைந்த பனியைப் பார்க்க வேண்டுமானால் ஜூஸ் கடைக்கோ கல்யாண வீட்டுக்கோ போக வேண்டும். அப்படியிருக்க, காலில் கத்தி போன்ற இரும்பு பொருத்திய பூட்ஸை மாட்டிக்கொண்டு, பனித்தரையில் வழுக்கி ஓடி, வளைந்த மட்டையால் ஒரு ரப்பர் வட்டைத் துரத்தும் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு விஷயம் புதைந்து கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

ஐஸ் ஹாக்கி கனடா தேசத்தில் உருவான ஆட்டம். 1875-ம் வருஷம் மாண்ட்ரியால் நகரில், கூரை வேய்ந்த பனி மண்டபம் ஒன்றில், ஒழுங்கான விதிகளுடன் ஆடினார்கள். பிறகு அது கடல் கடந்து ஐரோப்பாவுக்கு வந்தது. 1908-ம் வருஷம் மே மாதம் லூயி மாக்னுஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் பாரிஸ் நகரில் ஒரு சர்வதேச சங்கம் தோன்றியது. அந்த வருஷம் முடிவதற்குள் அதில் ஐந்து அங்கத்தினர்கள் சேர்ந்தார்கள். பிரான்ஸ், பெல்ஜியம், ஸ்விட்ஸர்லாந்து, பிரிட்டன் ஆகிய நான்கும் தம்மைத் தாமே ஆண்டுகொண்டிருந்த தேசங்கள். ஐந்தாவது, பொஹீமியா.

பொஹீமியா அன்றைக்கு ஒரு ஸ்வதந்திர தேசமே அல்ல. பிராக் நகரைத் தலைநகராகக் கொண்ட செக் மக்களின் நாடு அது. அவர்களுக்குச் சொந்த பாஷை இருந்தது. பழைய ராஜ்யம் ஒன்றின் நினைவும் இருந்தது. ஆனால் அவர்களை ஆண்டவர் வியன்னாவில் வீற்றிருந்த ஆஸ்திரியச் சக்கரவர்த்தி. யுத்தமா, சமாதானமா என்பதை அவர்கள் தீர்மானிக்க முடியாது. பனித்தரையில் யார் பெயரால் ஆடுவது என்பதை மட்டும் அவர்கள் தீர்மானித்தார்கள்! அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். ஆளப்பட்டவர்கள் 1908-லேயே சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். ஆண்டவர்களான ஆஸ்திரியர்களோ 1912-ல்தான் வந்து சேர்ந்தார்கள்.

1909-ம் வருஷம் ஜனவரியில் பிரான்ஸிலுள்ள ஷாமோனி என்னும் மலையூருக்குப் பொஹீமியக் கோஷ்டி முதன்முதலாகப் பந்தயமாடப் போயிற்று. அதுவரை அவர்கள் பந்து வைத்து ஆடிப் பழகியவர்கள். ரப்பர் வட்டு புதிது. ஆடிய பந்தயங்கள் அத்தனையிலும் தோற்றுத் திரும்பினார்கள். இரண்டே வருஷம் கழிந்தது. 1911-ல் பெர்லின் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஜெர்மானியரை அவர்கள் ஊரிலேயே ஜயித்து, ஐரோப்பாவின் முதல்வர்களானார்கள். 1912-ல் பிராகில் மறுபடியும் ஜயம். ஆனால் அந்தப் போட்டியில் கலந்துகொண்ட ஆஸ்திரியா அப்போது சங்கத்தில் அங்கத்தினர் அல்ல என்று ஆட்சேபம் கிளம்பி, போட்டி முழுவதுமே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1914-ல் மீண்டும் பெர்லினில் ஜயித்தார்கள். அதே வருஷம் மகாயுத்தம் மூண்டது. 1918-ம் வருஷம் அக்டோபர் மாதம் சாம்ராஜ்யம் சிதறியது. செக்கோஸ்லோவாகியா என்னும் குடியரசு பிறந்தது. அது பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னதாகவே செக் மக்கள் உலகச் சபையொன்றில் சமமாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இதைப் படிக்கும்போது நம்மவர் கதை நினைவுக்கு வராமல் போகுமா? தரையில் ஆடும் ஹாக்கிக்கும் 1924-ல் அதே பாரிஸ் நகரில் ஒரு சர்வதேச சங்கம் ஏற்பட்டது. அதைத் தொடங்கிய ஏழு தேசங்களும் ஐரோப்பியத் தேசங்களே. பிறகு அதில் இந்தியா சேர்ந்தது. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டிக்கு நம் கோஷ்டி சென்று, ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், ஸ்விட்ஸர்லாந்து, ஹாலந்து ஆகிய ஐந்து தேசங்களை வரிசையாகத் தோற்கடித்தது. நம்மவர் போட்ட கோல்கள் 29. நம்மீது விழுந்த கோல் ஒன்றுகூட இல்லை! தியான் சந்த் ஒருவரே 14 கோல் போட்டார். ஜயித்தவர்களின் பெயர் இந்தியா. கொடி மட்டும் பிரிட்டிஷாருடையது. பிரிட்டிஷ் கோஷ்டியை ஒலிம்பிக்கில் நேருக்கு நேர் சந்திக்க 20 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1948-ம் வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி லண்டனில் நாலு கோல் கணக்கில் அவர்களை ஜயித்தபோது, பறந்தது நம் மூவர்ணக் கொடி.

ஆனால் கொடி கிடைத்தவுடன் கதை முடிந்துவிடுவதில்லை. செக் மக்களின் பிற்காலச் சரித்திரம் இதற்குச் சாட்சி. 1947-லும் 1949-லும் அவர்கள் உலக ஜயம் பெற்றார்கள். 1950-ம் வருஷம் மார்ச் மாதம் லண்டன் போட்டிக்குப் புறப்படவிருந்த அதே வீரர்களைச் சொந்த அரசாங்கமே தடுத்து நிறுத்தியது. போனால் திரும்பி வரமாட்டார்கள் என்று சந்தேகம்! சில தினங்களில் பலரைக் கைது செய்து, ராஜத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறையிலிட்டார்கள். கோல் காத்த புகழ்பெற்ற வீரர் மொட்ரிக்கு 15 வருஷ தண்டனை. 1955-ல் அவர் விடுதலையானார், 1963-ல் காலமானார். தேசத்தின் பெயரை உலகெங்கும் சொன்னவர்களுக்குத் தேசம் செய்த மரியாதை அது.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகில் நுழைந்தன. 1969 மார்ச்சில் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் செக்கோஸ்லோவாகியா சோவியத் கோஷ்டியை ஒரு முறையல்ல, இரு முறை தோற்கடித்தது. வீரர்கள் சிலர் தங்கள் சட்டையிலிருந்த சிவப்பு நட்சத்திரத்தை நாடா ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டாவது ஜயத்தன்று லட்சக்கணக்கான ஜனங்கள் வீதிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் கோப்பை கிடைத்தது சோவியத்துக்கே. தெருக் கொண்டாட்டத்தைச் சாக்காக வைத்து அடக்குமுறையும் கடுமையாயிற்று. ஆட்டத்தால் ஒரு தேசம் விடுதலை பெற்றுவிடாது. தன் பெயர் என்னவென்று அது மறந்துபோகாமல் இருக்கும்; அவ்வளவுதான். அந்த அவ்வளவும் சின்ன விஷயமல்ல.

நம் ஆம்ஸ்டர்டாம் கோஷ்டிக்குத் தலைவராயிருந்தவர் ஜெய்பால் சிங். ராஞ்சிக்கு அருகிலுள்ள மலைநாட்டில், முண்டா என்னும் ஆதிவாசிக் குலத்தில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர். ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தபோது ஒலிம்பிக்குக்கு லீவு மறுக்கப்பட்டும் போய் ஆடினார். பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் மலைமக்களின் சார்பில் பேசினார். தம் ஜனங்களை ஹிந்தியில் “வனஜாதி” என்று எழுதுவதை அங்கே ஆட்சேபித்தார். “ஆதிவாசி” என்பதே எங்கள் பெயர், அதைக் கொண்டே எங்களை அழையுங்கள் என்பது அவர் கட்சி. பொஹீமியர்கள் பனித்தரையில் கேட்டதும் இதைத்தானே?

நேயர்களே, இனி நம் கல்வராயன் மலையை ஒரு தரம் நிமிர்ந்து பாருங்கள். அங்கே வாழும் மலைமக்கள் தங்களை மலையாளிகள் என்பார்கள். மலையை ஆள்பவர் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வதுண்டு. சமவெளியில் இருப்பவர்கள் அதைக் கேட்டுவிட்டு, “கேரளத்தவரா?” என்று விசாரிக்கிறார்கள். மலையை ஆள்பவர் என்று பெயர் இருந்தும், ஜாகீர்தார்களின் அதிகாரம் நீங்கி மலை அரசாங்கத்தின் வசம் வந்தது 1976-ம் வருஷத்தில்தான். தேசம் ஸ்வதந்திரம் பெற்று 29 வருஷம் கழித்து!

2025-ம் வருஷம் அரபு நாட்டு அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியப் பெண்களின் ஐஸ் ஹாக்கிக் கோஷ்டி மூன்றாமிடம் பெற்றது. அவர்களில் பெரும்பாலோர் லடாக் மலைநாட்டுப் பெண்கள். குளிர்காலத்தில் உறைந்துபோகும் குளங்களில் ஆடிப் பழகியவர்கள். கல்வராயன் மலையில் பனி உறையப் போவதில்லை. ஆனால் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி மட்டையோ பந்தோ எடுத்துக்கொண்டு நம் ஊர் மைதானத்துக்கு ஆட வந்தால், முதலில் அவள் பெயரைக் கேளுங்கள். அவள் சொல்லுகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். கோல் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.