ஓய்வுபெற்ற ரீச்சர்மாருக்கும் ஒரு கதிரை போடுங்கோ

2022 டிசம்பர் 31இல் 60 வயதைத் தாண்டிய அரச ஊழியர்கள் பெருமளவில் ஒரே நாளில் ஓய்வுக்குப் போனார்கள். எங்கட ரீச்சர்மார் சிலரும் அதில் அடக்கம். கணிதத்துக்கு ஆளில்லாத ஊர்ப் பள்ளிக்கூடங்கள் இப்ப அவர்களைத்தான் கூப்பிடுகின்றன. ஆனால் பாடத்திட்டம் மாறும்போது வலயத்தில் நடக்கிற செயலமர்வுக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. பழைய ஆசிரியர் வழிகாட்டியோடு புதுப் பாடத்தைப் படிப்பி என்றால் எப்படி?

மறுபக்கம் நாங்கள். பட்டதாரி நியமனம் கிடைத்தால் (கிடைத்தால்!) கலைப்பீடத்திலிருந்து நேரே வகுப்பறைதான். நாற்பது பிள்ளைகளை எப்படி இருத்தி வைப்பது என்று எந்த விரிவுரையிலும் நாங்கள் கேட்டதில்லை. அது அவர்களுக்குக் கைவந்த வேலை. இரண்டு தரப்பையும் ஒரே செயலமர்வில் இருத்துங்கோ. முதல் தவணை முழுக்க ஒரே வகுப்புக்கு அனுப்புங்கோ. சேவை எண்டு சொல்லி அவர்களின் பஸ் காசை மறந்துவிடவும் வேண்டாம்.